கிரெடிட் கிடைத்தால் மட்டும் போதாது: பக்கத்துக் கல்லூரியில் ஹியூமானிட்டீஸ் எடுக்கும் முன்

அல்சூரிலிருந்து எழுதிய அம்மாவுக்கு,

எம்.ஐ.டி.யில் (அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம்) படிக்கும்போதே உங்கள் மகள் பக்கத்து ஹார்வர்டில் தமிழ் வகுப்பு எடுக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். பி.யு.சி.யில் (கர்நாடகத்தின் பிளஸ் டூ) பி.சி.எம்.சி., அதாவது இயற்பியல், வேதியியல், கணிதம், கணினி அறிவியல் எடுத்ததோடு வரலாறு, இலக்கியமெல்லாம் முடிந்தது என்றுதான் பெங்களூரில் பல வீடுகளில் நினைக்கிறோம். எம்.ஐ.டி.யில் அப்படியில்லை. பொறியியல் பட்டத்துக்கும் கலை, இலக்கியம், சமூக அறிவியலில் (சேர்த்து ஹியூமானிட்டீஸ் என்று சொல்கிறேன்) 8 பாடங்கள் முடித்தாக வேண்டும். மூன்று பிரிவிலும் ஒவ்வொன்றாவது இருக்க வேண்டும். அதோடு ஒரே துறையில் மூன்று நான்கு பாடங்களைச் சேர்ந்தாற்போல் படிக்க வேண்டும். இவற்றில் சிலவற்றை ஹார்வர்டிலோ வெல்லெஸ்லி கல்லூரியிலோ, கிராஸ் ரெஜிஸ்ட்ரேஷன் முறையில் (ஒரு கல்லூரி மாணவர் இன்னொரு கல்லூரியில் பாடம் எடுப்பது), தனிக் கட்டணம் இல்லாமல் எடுக்கலாம்.

உங்கள் மகள் ஹார்வர்டில் தமிழ் படிக்க ஆசைப்படுவது நல்ல விஷயம். வீட்டில் தமிழ் பேசி, பள்ளியில் கன்னடமும் இந்தியும் எழுதிய பிள்ளைக்கு அங்கே தமிழ் வகுப்பு இருக்கிறது. ஆனால் ஒன்றைப் பிரித்துப் பாருங்கள். கிரெடிட் கிடைப்பது வேறு, அது ஹியூமானிட்டீஸ் கணக்கில் ஏறுவது வேறு. வெளியே படித்தது தானாக ஏறாது, எம்.ஐ.டி.யில் மனுப் போட வேண்டும். தொடக்கநிலை மொழிப் பாடம் எந்தப் பிரிவில் சேரும் என்பதையும் முதலிலேயே கேட்க வேண்டும். பாடத்திட்டத்தை இணைத்து, "இது என் எட்டில் ஒன்றாக, இந்தப் பிரிவில் சேருமா?" என்று மின்னஞ்சலில் கேட்டுப் பதிலைப் பத்திரப்படுத்தட்டும். வாய்வார்த்தை நான்காம் ஆண்டில் உதவாது.

அடுத்து ஹார்வர்டு ஆசிரியரின் அனுமதி, பிறகு பதிவு. அந்தப் பாடம் எம்.ஐ.டி. பதிவிலும் தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். விலகினால் இரண்டு இடத்திலும் விலக வேண்டும். ஒரு பக்கம் மறந்துவிட்டால் மதிப்பெண் பட்டியலில்தான் தெரியவரும்.

விசா விஷயம் இங்கேதான் வருகிறது. முழுநேர மாணவியாக இருக்க ஒரு செமஸ்டருக்கு 36 யூனிட் வேண்டும். ஒரு பாடம் பெரும்பாலும் 12 யூனிட். நான்கு பாடம் எடுத்தவர் ஒன்றை விட்டால் 36 மிஞ்சும். மூன்றே எடுத்தவர் ஒன்றை விட்டால் 24தான், எஃப்-1 என்ற மாணவர் விசா அந்தஸ்துக்கே சிக்கல். விடுவதற்கு முன்பே வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தில் பேச வேண்டும், பிறகல்ல.

தூரத்தையும் கணக்கில் எடுங்கள். ஹார்வர்டு, எம்.ஐ.டி. பக்கத்திலுள்ள கெண்டால் ஸ்டேஷனிலிருந்து ரெட் லைன் மெட்ரோவில் இரண்டாவது ஸ்டேஷன். வெல்லெஸ்லி அப்படியில்லை, சுமார் 20 கிலோமீட்டர், நம் அல்சூரிலிருந்து எலக்ட்ரானிக் சிட்டி போவது போல. ஒரு வகுப்புக்காக அரை நாள் போய்விடும், லேப் இருக்கும் நாளில் முடியாது. வெல்லெஸ்லி பெண்கள் கல்லூரிதான், ஆனாலும் எம்.ஐ.டி. பையன்களும் அங்கே பதிவு செய்யலாம். அவள் தம்பிக்கும் விண்ணப்பிக்கும் யோசனை இருந்தால், கலிபோர்னியாவில் கிளேர்மான்ட் ஊரிலுள்ள ஹார்வி மட் கல்லூரி போன்ற இடங்களையும் பாருங்கள். அதையும் சேர்த்து கிளேர்மான்ட்டின் ஐந்து கல்லூரிகளும் ஒட்டி ஒட்டியே இருப்பதால், வேறு கல்லூரி வகுப்புக்கு நடந்தே போகலாம்.

முதல் செமஸ்டரில் இதெல்லாம் வேண்டாம், ஊரும் படிப்பும் பழகட்டும். கடைசி செமஸ்டரிலும் வேண்டாம். அடுத்த கல்லூரியிலிருந்து மதிப்பெண் தாமதமாக வந்தால் பட்டமே தள்ளிப்போகும். இரண்டாம், மூன்றாம் ஆண்டுதான் சரியான காலம்.

இரண்டு கல்லூரிகளின் தேர்வுத் தேதிகளும் ஒன்றாக இருக்காது. டிசம்பரில் பெங்களூருக்கு டிக்கெட் போடும் முன் ஹார்வர்டு தேர்வு நாளையும் கேட்டுவிடுங்கள்.