சுரங்கத்துக்குக் கிட்டே ஓடும் ஓடையில் நீரோட்டத்தையும் ஏன் அளக்கிறார்கள்?
தண்ணீரைப் போத்தலில் எடுத்துச் சோதித்தால் போதாதா என்று கேட்பீர்கள். நீரோட்டம் என்பது ஒரு செக்கனுக்கு எத்தனை லீட்டர் கடந்து போகிறது என்பதுதான், யாழ்ப்பாணத்தில் மாரியில் மட்டும் ஓடும் வழுக்கையாற்றைப் பார்த்த எங்களுக்கு அது எப்படி மாறும் என்று சொல்லத் தேவையில்லை. ஒரே கைப்பிடி உப்பு, சின்னச் சட்டிக் கூழில் கரிக்கும், பெரிய பானையில் தெரியாது. ஓடையும் அப்படித்தான்: லீட்டருக்கு 10 மில்லிகிராம் இரும்பு, செக்கனுக்கு 100 லீட்டர் என்றால் போவது 1 கிராம், மழை வந்து அது 2 மில்லிகிராமாகக் குறைந்தாலும், 1,000 லீட்டர் ஓடினால் 2 கிராம், இரட்டிப்பு! ஓடை சுரங்கத்துக்கு வரும் முன்னும் அதைத் தாண்டிய பின்னும் அளந்தால்தான் எது அங்கிருந்து வந்தது என்று பிடிபடும். அப்புறம், தெளிந்த தண்ணீரென்றால் நல்லது என்று நினைக்காதீர்கள், சுரங்கத்திலிருந்து வரும் அமிலத் தண்ணீரில் கரைந்த உலோகம் பல நேரம் கண்ணுக்கே தெரியாது.