ஃபெர்மி டேட்டாவை ஃபிட் செய்தால் பேப்பரில் உள்ள ஈ-பீக் எனக்கு ஏன் வருவதில்லை?

ஃபெர்மி விண்கலம் பதிந்த காமா-கதிர் வெடிப்பின் நிறமாலையை ஃபிட் செய்தால் பேப்பரில் உள்ள ஈ-பீக் (ஆற்றல் வெளியீடு உச்சமாகும் இடம்) வரவில்லை, மென்பொருளை மாற்றிப் பார்த்தும் பலனில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். மாற்றவே வேண்டாம். ஆர்எம்ஃபிட்டோ எக்ஸ்ஸ்பெக்கோ, ஒரே கோப்பைக் கொடுத்தால் ஏறக்குறைய ஒரே விடைதான் வரும். கோளாறு ஃபிட்டுக்கு முன்பே நடந்திருக்கும்.

ஃபெர்மியின் வெடிப்புக் கண்காணிப்புக் கருவியான ஜிபிஎம்மில் சோடியம் அயோடைடு டிடெக்டர் 12, உயர் ஆற்றலுக்கான பிஜிஓ டிடெக்டர் 2. எல்லாவற்றையும் அள்ளிப் போடாதீர்கள். வெடிப்பின் திசைக்கு 60 டிகிரிக்குள் இருக்கும் இரண்டு மூன்று, கூடவே அந்தப் பக்கத்து பிஜிஓ ஒன்று போதும். 30 முதல் 40 கேஇவி (கிலோ எலக்ட்ரான் வோல்ட்) வரையுள்ள சேனல்களை விட்டுவிடுங்கள். 33 கேஇவியில் அயோடினின் கே விளிம்பு (கதிரை உறிஞ்சும் அளவு சட்டென்று மாறும் ஆற்றல்) இருக்கிறது, ரெசிடுவல், அதாவது டேட்டாவுக்கும் மாடலுக்கும் உள்ள வித்தியாசம், அங்கே துள்ளும். வரம்பைத் தாண்டியதெல்லாம் குவியும் கடைசி ஓவர்ஃப்ளோ சேனலும் வேண்டாம்.

பெரும்பாலோர் சறுக்குவது பேக்ரவுண்டில், அதாவது வெடிப்பு இல்லாதபோதும் விழும் கவுண்ட்டைக் கணிப்பதில். வெடிப்புக்கு முன்னும், வால் முழுக்க அடங்கிய பின்னும் நீளமான இடைவெளிகளை எடுத்து, சேனல் வாரியாக முதல் அல்லது இரண்டாம் படி பாலினோமியல் போடுங்கள். நான்காம் படி போட்டால் கோடு அழகாக வளையும், நடுவில் வெடிப்பையும் சேர்த்து விழுங்கிவிடும். 300 கேஇவிக்கு மேலுள்ள லைட் கர்வை (நேரத்தோடு கவுண்ட் மாறும் கோடு) மட்டும் தனியாக வரைந்து பாருங்கள்; தப்பு அங்கேதான் தெரியும். 2012 இறுதிக்கு முந்தைய வெடிப்பு என்றால் ஒவ்வொரு ஃபோட்டானின் நேரத்தையும் பதியும் டிடிஇ கோப்பு, கருவி வெடிப்பை உணர்ந்த ட்ரிக்கருக்கு முன் 30 விநாடி அளவே இருக்கும். பேக்ரவுண்டை, இன்னும் நீண்ட நேரத்தைக் காட்டும் சிஸ்பெக் கோப்பிலிருந்து எடுங்கள்.

ஃபிட் எவ்வளவு பொருந்துகிறது என்று அளக்க கை-ஸ்கொயர் வேண்டாம், பிஜி-ஸ்டாட் (கவுண்ட்டுக்கு பாய்சான், பேக்ரவுண்டுக்கு காசியன்). உயர் சேனல்களில் ஒன்றிரண்டு கவுண்ட்தான் விழும், அங்கே கை-ஸ்கொயர் நம்பியிருக்கும் காசியன் பரவல் கவுண்ட்டுக்குச் செல்லாது. பேசியன் முறைதான் சரி என்று யாராவது கமெண்டில் வருவார்கள். வரட்டும், பேக்ரவுண்ட் தப்பாக இருந்தால் அதுவும் தப்பான விடையைத்தான் தரும்.

எல்லாம் சரியாக இருந்தும் பொருந்தாவிட்டால் நேர இடைவெளியை ஒப்பிடுங்கள். 170817ஏ என்ற வெடிப்பின் டி90 (அதன் 90 சதவீதம் வந்துசேரும் நேரம்) சுமார் 2 விநாடி. ஆனால் அதைப் பற்றிய பேப்பரில் வரும் ஈ-பீக் 185 கேஇவி, பிழை 62, முதன்மைத் துடிப்புக்கு மட்டும் உரியது: ட்ரிக்கரிலிருந்து -0.320 முதல் 0.256 விநாடி வரை. பின்னால் வரும் மென்மையான வால் 10 கேஇவி அளவு வெப்பநிலை கொண்ட பிளாக்பாடி (வெப்பக் கதிர்வீச்சு). இரண்டையும் சேர்த்து ஃபிட் செய்துவிட்டு 185 வரவில்லையே என்றால் எப்படி வரும்?

அந்தப் பேப்பரிலாவது இடைவெளியைச் சொல்லியிருக்கிறார்கள். பல பேப்பர்களில் ஈ-பீக்கைத் தசமத்தோடு போடுவார்கள். பேக்ரவுண்டை எந்த விநாடியிலிருந்து எடுத்தார்கள் என்று ஒரு வரி இருக்காது. ரெஃபரியும் கேட்பதில்லை.