மதுக்கூடத்தில் பழகிய கை

அன்புள்ள ஆசிரியருக்கு,

அமெரிக்க நாட்டார் பாடகி ஆனி டிஃபிராங்கோ பெரிய இசை நிறுவனங்களை மறுத்துத் தன் பாடல்களைத் தானே வெளியிட்டதைப் பாராட்டி எழுதியிருந்தீர்கள். கேசட் விற்பதும் கணக்குப் பார்ப்பதும் ஒரு கலைஞரின் நேரத்தைத் தின்றுவிடாதா? அந்த நேரத்தைப் பாட்டுக்கே கொடுத்திருக்கலாமே?

வாசகர், தஞ்சாவூர்

அன்புள்ள நண்பருக்கு,

தங்கள் அக்கறை புரிகிறது. ஆனால் பாட்டையும் அதைக் கொண்டுசேர்க்கும் உழைப்பையும் இரண்டாகப் பிரிப்பதில் எனக்கு உடன்பாடில்லை. நியூயார்க் மாநிலத்தின் பஃபலோ நகரில் 1970இல் பிறந்த ஆனி, சிறுவயதிலேயே மதுக்கூடங்களில் பாடத் தொடங்கியவர். தமக்குள் பேசிச் சிரித்துக்கொண்டிருக்கும் கூட்டத்தின் முன்னால் ஒற்றைக் கிதாரோடு நிற்பவருக்கு மென்மையாக மீட்டுவது உதவாது. விரல்களில் செயற்கை நகங்களை ஒட்டி, அவை தெறித்துவிடாதபடி எலெக்ட்ரீஷியன்கள் பயன்படுத்தும் இன்சுலேஷன் டேப்பைச் சுற்றிக்கொண்டு, நரம்புகளைச் சுண்டியும் அறைந்தும் கிதாரையே தாளக்கருவியாக்கும் அவருடைய வாசிப்பைக் காணொளியில் பாருங்கள். அது அந்தக் கூடங்கள் பழக்கிய கை என்றே நான் நம்புகிறேன்.

1990இல் முதல் தொகுப்பைத் தானே கேசட்டாக வெளியிட்டார். காரில் ஊர் ஊராகச் சென்று பாடி, அந்தக் காரின் டிக்கியிலிருந்தே விற்றார். பெரிய நிறுவனங்கள் பிறகு தேடி வந்தபோதும் இசையவில்லை. அதனால்தான் தொண்ணூறுகளில் ஏறத்தாழ ஆண்டுக்கொரு தொகுப்பை, யாருடைய அனுமதிக்கும் காத்திராமல் அவரால் வெளியிட முடிந்தது. அறுபதைக் கடந்திருந்த தொழிற்சங்கப் பாடகர் யூட்டா பிலிப்ஸ் மேடைகளில் சொன்ன கதைகளைப் பழைய ஒலிப்பதிவுகளிலிருந்து எடுத்து, அவற்றுக்குத் தன் இசையைச் சேர்த்து 1996இல் ஒரு தொகுப்பாக்கினார். ஒரு முதியவரின் பேச்சுக்கு எந்தப் பெரிய நிறுவனம் பணம் போட்டிருக்கும்? எனக்கு அவர் செய்தவற்றில் மிகவும் பிடித்தது அதுதான்.

கணக்கைப் பொறுத்தவரை, அவர் அதில் மூழ்கியவர் அல்லர். ஒரு தொகுப்புக்குப் பிறரைவிட அதிகம் ஈட்டுபவர் என்று ஒரு பெண்ணிய இதழ் 1997இல் புகழ்ந்தபோது, தன்னைப் பாட்டுக்காரியாக அல்லாமல் வியாபாரியாக அளந்துவிட்டார்களே என்ற ஆதங்கத்தோடு அதன் ஆசிரியருக்கு நீண்ட கடிதம் எழுதினார்.

ஆனால் ஓயாத உழைப்பு விலை கேட்கும் என்ற அளவில் தங்கள் கவலை சரியே. ஆண்டுக்கணக்காகச் சுற்றிச் சுற்றி வாசித்ததில் 2005இல் அவருக்குத் தசைநாண் அழற்சி ஏற்பட்டு, பல மாதங்கள் மேடையை விட்டு விலகியிருக்க நேர்ந்தது. நரம்புகளை அறைந்து பழகிய அதே கைகள்தாம் ஓய்வு கேட்டன.