மாட்டு ஊசியும் பாறு கழுகும்

அன்புள்ள ஐயா,

போன மாதம் முதுமலை வந்திருந்தோம். கூட வந்த வழிகாட்டி பாறு கழுகைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார். எங்கள் அப்பா சத்தியமங்கலம் பக்கம் எட்டு மாடு வைத்திருக்கிறார். வலி ஊசி கேட்டால் இதற்குத் தடை, அதற்குத் தடை என்கிறார்கள். பிணம் தின்னும் ஒரு பறவைக்காக இவ்வளவா? டைனோசர்கூடத்தான் அழிந்தது, யாருக்கு என்ன குறைந்துவிட்டது?

– ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

நான் வளர்ந்தது மசினகுடிப் பக்கம். எங்கள் வீட்டிலும் மாட்டுப் பட்டி இருந்தது. மாடு வலியில் கிடப்பதைப் பார்த்துக்கொண்டு நிற்பது எவ்வளவு கஷ்டம் என்று தெரியும். அதனால் ஊசியிலிருந்தே தொடங்குகிறேன்.

டைக்ளோஃபினாக் என்ற வலி ஊசி போட்ட மாடு ஓரிரு நாளில் செத்துப்போனால் மருந்து அதன் உடம்பிலேயே தங்கிவிடும். அந்த இறைச்சியைத் தின்ற பாறுக்குச் சிறுநீரகம் செயலிழந்துவிடும். ஒரே மாட்டில் ஐம்பது பாறுகள்கூட உட்காரும். எனவே நூறு மாட்டில் ஒன்றில் மருந்து இருந்தாலே கூட்டம் கூட்டமாகச் சாக அது போதும். இந்தியாவில் 1992இல் வெண்முதுகுப் பாறு என்ற வகையில் ஆயிரம் இருந்ததாக வைத்துக்கொண்டால், 2007இல் மிஞ்சியது ஒன்று. 2006இல் மாடுகளுக்கு அந்த மருந்தைத் தடை செய்தார்கள். அப்புறம் மனிதர்களுக்கான பெரிய குப்பியை வாங்கி மாட்டுக்குப் போட ஆரம்பித்தார்கள். அதனால் 2015இல் குப்பியின் அளவை 3 மில்லியாகக் குறைக்க வேண்டியதாயிற்று.

டைனோசர் கதை வேறு, தம்பி. இங்கே ஓர் ஊசி பதினைந்தே வருஷத்தில் முடித்துவிட்டது. பாறு முட்டையிடவே ஐந்து வயதாக வேண்டும். அதுவும் வருஷத்துக்கு ஒரே ஒரு முட்டை. போனது திரும்பி வர எத்தனை தலைமுறை ஆகும் என்று நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள்.

சரி, என்ன குறைந்தது? சின்ன வயதில் எங்கள் சிவலைப் பசு செத்தபோது ஊருக்கு வெளியே மேட்டில் இழுத்துப் போட்டோம். முதலில் ஒரு பாறு வந்து தூரத்தில் உட்கார்ந்தது. கொஞ்ச நேரத்தில் வானம் முழுக்க வட்டம். இறங்கும்போது சிறகில் காற்று கிழிபடும் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. பொழுது சாய்வதற்குள் எலும்பும் தோலும்தான் மிச்சம், நாற்றமே இல்லை. அடைப்பான் (ஆந்த்ராக்ஸ்) நோயில் செத்த மாட்டைத் தின்றாலும் பாறுக்கு ஒன்றும் ஆகாது. அதன் வயிற்று அமிலம் அவ்வளவு கடுமை. பாறு இல்லாத ஊர்களில் அதே பிணம் நாள்கணக்கில் அழுகும், தெருநாய் பெருகும், வெறிநாய்க்கடி பெருகும். திருக்கழுக்குன்றத்தில் உச்சிப்பொழுதில் சோறுண்ண வந்த இரண்டு கழுகுகளைப் பார்த்ததாக என் பாட்டி சொல்வார். இன்று அங்கே காத்திருந்தாலும் எதுவும் வராது.

முதுமலையை ஒட்டி ஓடும் மாயாற்றங்கரையில் நீர்மருது மரங்களின் உச்சியில் பாறுகள் இன்னும் கூடு கட்டுகின்றன. தென்னிந்தியாவில் அவை குஞ்சு பொரிக்கும் இடங்கள் வெகு சிலவே. உங்கள் அப்பாவின் மாடுகள் மேயும் இடமும் அவற்றுக்கு எட்டாத தூரம் இல்லை.

அப்பாவிடம் ஒன்று சொல்லுங்கள். கால்நடை மருத்துவரிடம் மெலாக்சிகாம் ஊசி கேட்கட்டும். வலிக்கும் காய்ச்சலுக்கும் கேட்கும், பாறுக்கும் கேடில்லை. கீட்டோபுரோஃபன், அசிக்ளோஃபினாக் என்ற வலி மருந்துகளும் 2023இலிருந்து மாடுகளுக்குத் தடை, யார் கொடுத்தாலும் வாங்க வேண்டாம். வேறு எந்த வலி ஊசி போட்ட மாடாவது செத்தால், சிரமம் பார்க்காமல் ஆழமாகக் குழி தோண்டிப் புதைத்துவிடுங்கள்.

அன்புடன்.