தொண்டை நரம்பு இருமல்: கேளுங்க, தெரிஞ்சத சொல்றேன்

நான் ஸ்பீச் தெரபிஸ்ட். மருந்து டோஸ் மட்டும் கேக்காதீங்க, அது டாக்டர் வேலை. இன்னொண்ணு, ரெண்டு வாரம் தாண்டின எந்த இருமலுக்கும் முதல்ல சளி டெஸ்ட், ஜிஎச்ல இலவசம்தான். டிபி இல்லன்னு தெரிஞ்சப்புறம் நரம்பப் பத்தி பேசலாம்.

கேள்வி: அக்கா, வைரல் காய்ச்சல் வந்து போய் 7 மாசம் ஆச்சு, சளியே இல்ல, ஆனா போன்ல பேசினா, சிரிச்சா, தாளிக்கிற வாசனை வந்தா இருமல். சிடி ஸ்கேன் வரைக்கும் எடுத்தாச்சு, எல்லாம் நார்மல். மனசுலதான் பிரச்சனைன்னு மாமியார் சொல்றாங்க.

பதில்: மனசுல இல்லம்மா, நரம்புல. தொண்டைல படுற உணர்ச்சிய மூளைக்குக் கொண்டுபோறது வேகஸ்ங்கிற பெரிய நரம்போட கிளை, காய்ச்சல் சரியானாலும் சிலருக்கு அந்தக் கிளை புண்பட்டே இருந்துடும், அப்புறம் பேசுற காத்து பட்டாகூட ஏதோ உள்ள போயிடுச்சுன்னு மூளைக்குத் தகவல் போகும். இது சிடில தெரியாது. ஆஸ்துமா, நெஞ்செரிச்சல், மூக்குச்சளி பின்னாடி இறங்குறது இதெல்லாம் பாத்தாச்சான்னு கேட்டுக்கோங்க. பாத்தாச்சுன்னா இதப் பழகுங்க: தொண்டைல அரிப்பு ஆரம்பிச்ச உடனே, இருமல் வர்றதுக்கு முன்னாடியே, ஒரு வாய் தண்ணி முழுங்கி, வாய மூடி மூக்கால மெதுவா இழுத்து, உதட்டக் குவிச்சு ஊதி விடணும். இருமல் இல்லாத நேரத்துலயே தினம் பல தடவை செஞ்சாதான் அவசரத்துக்கு கைகொடுக்கும்.

கேள்வி: எந்த சிரப் நல்லது?

பதில்: நரம்பு இருமலுக்கு கடைல கேட்டு வாங்குற சிரப் பெருசா உதவாது.

கேள்வி: காது குடைஞ்சா இருமல் வருதே, ஏன்?

பதில்: எனக்குப் பிடிச்ச கேள்வி! அதே வேகஸ் நரம்போட ஒரு கிளை காதுத் துவாரத்துக்கும் வருது, ஆர்னால்ட் நரம்புன்னு பேரு. அங்க தொட்டா தொண்டைல தொட்ட மாதிரி சிலருக்கு இருமல் வரும். காதுல அழுக்கு கட்டியா இருந்தாகூட இருமல் விடாம இருக்கலாம், அதனால இஎன்டி டாக்டர்கிட்ட காதையும் காட்டுங்க. பட்ஸ் போடாதீங்க.

கேள்வி: இருமல அடக்கச் சொல்றது தப்பு மேடம். சித்த மருத்துவத்துல 14 வேகம்னு, உடம்புல இயல்பா வர்ற உந்துதல்கள் இருக்கு, இருமலும் அதுல ஒண்ணு, அடக்கக்கூடாது. எங்க தாத்தா வைத்தியர்.

பதில்: சளி இருந்தா உங்க தாத்தா சொன்னதுதான் சரி சார், வெளிய வரணும். இங்க வெளிய வர ஒண்ணுமே இல்லையே! ஒவ்வொரு இருமலும் குரல்நாண அடிச்சு இன்னும் புண்ணாக்குது, அந்தப் புண்ணே அடுத்த இருமலுக்கு காரணம்.

கேள்வி: அப்ப மிளகு கஷாயமும் வேண்டாமா?

பதில்: சளிக்கு குடிங்க. நரம்பு இருமல்காரங்க சிலருக்கு அந்தக் காரமே தூண்டும். குடிச்ச அரைமணில இருமல் கூடுதான்னு நீங்களே கவனிங்க. இதுக்கு மேல இங்க வாதம் வேண்டாம், மத்தவங்க காத்திருக்காங்க.

கேள்வி: பிபிக்கு ராமிப்ரில் ஆரம்பிச்சு 2 மாசம், அதுல இருந்து வறட்டு இருமல்.

பதில்: அந்த மாத்திரைதான்னு முதல்ல சந்தேகப்படணும். நீங்களா நிறுத்தாதீங்க, டாக்டர்கிட்ட சொல்லி மாத்துங்க. மாத்தினா பலருக்கு 1-4 வாரத்துல அடங்கும், சிலருக்கு 3 மாசம்கூட ஆகும்.

கேள்வி: கபாபென்டின் எழுதிருக்காங்க, வலிப்பு மாத்திரையாமே, பயமா இருக்கு.

பதில்: வலிப்புக்கும் குடுப்பாங்க, கொதிச்சுப்போன நரம்ப அமைதிப்படுத்தவும் குடுப்பாங்க. 2012ல ஆஸ்திரேலியாவுல 62 பேர வெச்சு ஆராய்ச்சி பண்ணாங்க, நல்ல பலன் இருந்துச்சு, ஆனா நிறுத்தினதும் பலன் குறைஞ்சுது. அதனாலதான் மாத்திரையோட பயிற்சியும் வேணும்னு கத்திட்டிருக்கேன். தலைசுத்தும், தூக்கம் வரும், வண்டி ஓட்டாதீங்க, திடீர்னு நிறுத்தாதீங்க.

கேள்வி: நல்ல சிரப் பேர் சொல்லுங்க ப்ளீஸ்.

பதில்: மேல பாருங்க.

கேள்வி: 20 நாளா இருமல், சாயங்காலம் காய்ச்சல், எடை குறையுது. நரம்பா இருக்குமா?

பதில்: முதல்ல என்ன சொன்னேன்? நாளைக்கு காலைல ஜிஎச்.

கேள்வி: சொல்ல வெக்கமா இருக்கு அக்கா, இருமினா யூரின் கசியுது, கல்யாணம் காட்சிக்குகூட போறதில்ல.

பதில்: வெக்கப்படாதீங்கம்மா, என்கிட்ட வர்ற பெண்கள் நிறைய பேருக்கு இது இருக்கு, கேட்டாதான் சொல்றாங்க. யூரின அடக்குற மாதிரி அந்தத் தசைய இறுக்கி விடப் பழகுங்க, இருமல் வரப்போகுதுன்னு தெரிஞ்ச நொடியே இறுக்கிக்கோங்க. பிசியோதெரபிஸ்ட் சரியா சொல்லித் தருவாங்க. அடுத்த கல்யாணத்துக்கு ஓரமா ஒரு சேர், கைல தண்ணி பாட்டில், போயிட்டு வாங்க.