மின்சாரம் வருவதற்கு முன் நாடக மேடைக்கு எப்படி வெளிச்சம் கொடுத்தார்கள்?

லண்டனை எடுத்துக்கொள்வோம். ஆரம்பத்தில் மெழுகுவர்த்திதான். நாடகம் நடக்கும்போதே ஓர் ஆள் மேடைக்கு வந்து கருகிய திரியைக் கத்தரித்துவிட்டுப் போவார். 1817இல் ட்ரூரி லேன், லைசியம் அரங்குகளுக்கு கேஸ் விளக்கு வந்தது. குழாயைத் திருகினால் போதும், வெளிச்சம் கூடும், குறையும். பெரிய மாற்றம் இதுதான் என்பேன்.

சரி, ஒரு நடிகர்மேல் மட்டும் ஒளி விழ வேண்டுமென்றால்? சுண்ணாம்புக் கட்டியை ஆக்சிஜன்-ஹைட்ரஜன் தீயில் காட்டினால் கண் கூசும் வெள்ளொளி வரும். 1837இல் கோவென்ட் கார்டன் அரங்கில் அதைப் பயன்படுத்தினார்கள். கட்டி தேயத் தேயத் திருப்பிவிட, பக்கத்திலேயே ஓர் ஆள் நிற்க வேண்டும்!

தீ விபத்துகளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அதனால்தான் 1881இல் சவாய் அரங்க மேடைக்கு மின்விளக்கு போட்டபோது, உரிமையாளர் டாய்லி கார்ட் எரியும் பல்பை மஸ்லின் துணியில் சுற்றி எல்லார் முன்னிலும் உடைத்து, துணி கருகவில்லை என்று காட்டினார்.