பயோஃபில்டரில் நாற்றம் திரும்பினால் முதலில் அடிப்பகுதியைப் பாருங்கள்

கேள்வி: ஆலையின் கழிவுநீர்த் தொட்டியிலிருந்து வரும் அழுகிய முட்டை நாற்றத்துக்கு மட்கிய உரமும் மரச்சில்லும் நிரப்பிய பயோஃபில்டர் (நுண்ணுயிர்களைக் கொண்டு நாற்ற வாயுவைச் சிதைக்கும் வடிகட்டி) வைத்துள்ளோம். காற்று கீழிருந்து மேலே போகிறது. மேலே தண்ணீர் தெளிக்கிறோம். சில மாதம் நன்றாக ஓடியது, இப்போது நாற்றம் திரும்பிவிட்டது. நுண்ணுயிர்க் கலவை வாங்கி ஊற்றலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். காய்ந்த படுகையில் எந்த நுண்ணுயிரும் நிலைக்காது. காற்று நுழையும் இடத்தில்தான் வாயு அதிகம் சிதைகிறது, வெப்பமும் அங்கேதான் உண்டாகிறது. அதனால் அடிப்பகுதி முதலில் காய்கிறது. மேலே தெளிக்கும் நீர் பெரும்பாலும் அங்கே எட்டாது. மேற்பரப்பின் ஈரத்தைப் பார்த்து ஏமாந்துவிடக் கூடாது.

அடியிலிருந்து மாதிரி எடுத்து எடைபோட்டு, 105 டிகிரியில் உலர்த்தி மீண்டும் எடைபோடுங்கள். ஈரம் 40 முதல் 60 சதவீதம் இருக்க வேண்டும். படுகையின் அழுத்த இழப்பையும் (படுகையைக் கடக்கும்போது காற்றின் அழுத்தம் குறையும் அளவு) பாருங்கள்: காற்றோட்டம் மாறாமல் அது குறைந்தால் படுகையில் விரிசல் விழுந்து, காற்று இடுக்கு வழியாகத் தப்புகிறது; கூடினால் படுகை இறுகிவிட்டது. காய்ந்த மட்கு தண்ணீரை விலக்கும். ஒரேயடியாகக் கொட்டாமல், கிளறிச் சிறிது சிறிதாக நனையுங்கள். நிரந்தரத் தீர்வு, உள்ளே வரும் காற்றின் ஒப்பு ஈரப்பதத்தையே 95 சதவீதத்துக்கு மேல் வைப்பது. காற்றின் வெப்பம் 40 டிகிரியைத் தாண்டக் கூடாது.

அடுத்தது அமிலம். அழுகிய முட்டை நாற்றத்துக்குக் காரணமான வாயு ஹைட்ரஜன் சல்பைடு. அது 1 கிலோ முழுதாக ஆக்சிஜனேற்றமானால் ஏறக்குறைய 2.9 கிலோ கந்தக அமிலம் உருவாகும். ஒரு பங்கு மாதிரியை ஐந்து பங்கு காய்ச்சி வடித்த நீரில் கலக்கி அரைமணி கழித்துப் பிஹெச் (அமிலத்தன்மையின் அளவு; குறையக் குறைய அமிலம் கூடும்) பாருங்கள். கந்தகம் தின்னும் பாக்டீரியாக்கள் பிஹெச் 2-லும் வாழும். மற்ற நாற்றப் பொருள்களைச் சிதைப்பவை வாழாது, மட்கும் நைந்துபோகும். சுண்ணாம்புக்கல் தூள் உதவும், ஆனால் ஜிப்சம் சேர்ந்து துளைகளை அடைக்கலாம். சல்பைடு சுமை தொடர்ந்து அதிகமென்றால் மட்குப் படுகையோடு மல்லுக்கட்ட வேண்டாம். பிளாஸ்டிக் நிரப்பியில் நீர் சுழலும் பயோட்ரிக்ளிங் ஃபில்டரை முன்னால் வையுங்கள். அமிலம் கழிவுநீரோடு வெளியேறிவிடும்.

ஈரமும் பிஹெச்சும் சரியாக இருந்தும் நாற்றம் போகவில்லையென்றால் கொள்ளளவைக் கணக்கிடுங்கள். மணிக்கு 1,000 கன மீட்டர் காற்று 45 விநாடி தங்க 12.5 கன மீட்டர் படுகை வேண்டும்.

மூடியைத் திறக்குமுன் வாயு அளவி கட்டாயம். ஹைட்ரஜன் சல்பைடு 100 பிபிஎம் (பத்து லட்சத்தில் 100 பங்கு) அளவை எட்டினால் மூக்கு மரத்துவிடும்; நாற்றம் தெரியாதபோதே உயிருக்கு ஆபத்து.